நாட்டுமாட்டுப் பாலிலும் அதே சர்க்கரைதான்

பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்று திண்டுக்கல்லில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "நாட்டுமாட்டு ஏ2 பாலுக்கு மாறுங்க, சரியாயிடும்" என்பார்கள். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தோடு ஊரெங்கும் பரவிய பேச்சு இது. பாக்கெட் பாலைவிடக் கூடுதல் விலைக்கு அந்தப் பால் விற்பதும் இந்தப் பேச்சை நம்பித்தான்.

வயிற்றை உப்பச் செய்வது லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை. அதை உடைக்கும் லாக்டேஸ் நொதி சிறுகுடலில் போதாதவர்களுக்கு (தென்னிந்தியரில் இவர்கள் ஏராளம்) சர்க்கரை செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைக்க, வாயுவும் வயிற்றுப்போக்கும் வருகின்றன. ஏ1, ஏ2 என்பவையோ பீட்டா கேசின் என்ற புரதத்தின் வகைகள். 209 அமினோ அமிலங்கள் கோத்த அந்தச் சங்கிலியில் 67ஆவது இடத்தில் ஏ2வில் புரோலின், ஏ1இல் ஹிஸ்டிடின். இதனால் சர்க்கரை குறைவதில்லை. காங்கேயம் பசுவானாலும் ஜெர்சிக் கலப்பானாலும் 100 மில்லி பாலில் லாக்டோஸ் 4.5 முதல் 5 கிராம்வரை இருக்கும்.

"சீமைமாட்டுப் பால் முழுக்க ஏ1" என்பதும் தவறு. ஜெர்சியிலும் ஏ2 மரபணு தாராளமாக உண்டு. போகட்டும், எருமையை ஏன் யாரும் பேசுவதில்லை? இந்திய எருமைகளின் பால் ஏ2தான். ஏ2தான் மருந்தென்றால், வயிறு உப்புகிறவர்கள் எருமைப்பாலைத் தேடிப் போயிருக்க வேண்டுமே! ஊரில் அதற்கு 'மந்தம்' என்ற பெயர்தான் இருக்கிறது.

"ஆராய்ச்சியே நிரூபித்துவிட்டது" என்கிறார்கள். சீனாவில் 600 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஏ2 பால் குடித்தபோது வயிற்றுத் தொந்தரவு குறைந்தது உண்மை. ஏ1 உடையும்போது வரும் பிசிஎம்-7 என்ற துணுக்கு குடலை உறுத்தலாம் என்பது ஒரு விளக்கம். ஆனால் அந்த ஆய்வுக்குப் பணம் தந்தது ஏ2 பால் விற்கும் நியூசிலாந்து நிறுவனம். அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், சிலருக்குத் தொல்லை குறையலாம் என்பதுவரைதான் அந்த முடிவு செல்லும். லாக்டோஸ் ஒவ்வாதவர் பயமின்றிக் குடிக்கலாம் என்று அது சொல்லவில்லை.

இதைவிட மலிவான வழி அடுக்களையிலேயே இருக்கிறது. பால் தயிராகும்போது பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. அவற்றின் நொதி குடலுக்குள்ளும் உதவுகிறது. பால் ஆகாது என்கிறவர் பிரியாணிக் கடையில் தயிர் வெங்காயத்தை மறுபடி கேட்டு வாங்குவது இதனால்தான். அளவும் முக்கியம்: ஒரே வேளையில் 12 கிராம் லாக்டோஸ்வரை பலர் தாங்குவார்கள். டீயில் சேரும் பால் அதற்கு வெகு கீழே.

'ஏ2 நெய்' இன்னும் வேடிக்கை. நெய்யில் புரதமே ஏறக்குறைய இல்லாதபோது அதன் வகை எங்கிருந்து வரும்? 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ ஏ2 முத்திரைகளை நீக்கச் சொல்லி, சில நாட்களிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது, முத்திரை தப்பித்தது.

கைக்குழந்தைகள் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். பால் புரத ஒவ்வாமை வேறு நோய். தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் வரலாம். ஏ2வும் கேசின்தான் என்பதால், அந்தக் குழந்தைக்கு நாட்டுமாட்டுப் பாலைக் கொடுத்துப் பார்ப்பது ஆபத்து.