சலசல, கடகட, விண்விண்

ஜப்பானிய பாஷை கற்கும் இளைஞர்கள் இந்நாளில் சென்னையில் பலர் உளர். நகரத்தைச் சுற்றி ஜப்பானியக் கம்பெனிகள் வந்திருப்பது அதற்கு ஒரு காரணம். அந்த பாஷையின் எழுத்துக்களும் மரியாதைச் சொற்களும் அவர்களை வருத்துவது சகஜமே. ஆயினும், ஐரோப்பிய மாணாக்கர் பெரிதும் திணறும் ஒரு பகுதியில் தமிழ்ப் பிள்ளைகள் திணற வேண்டுவதில்லை. அதுதான் ஒலிக்குறிப்புச் சொற்களின் பகுதி. அது நம் பிள்ளைகள் பாட்டியின் மடியிலேயே படித்த பாடம் அன்றோ?

ஜப்பானியர் இச்சொற்களை இரு பெரும் வகையாகப் பிரிக்கிறார்கள். செவியில் விழும் ஓசையைக் குறிப்பவை 'கியோங்கோ'. ஓசையற்ற தோற்றத்தையும் நிலைமையையும் குறிப்பவை 'கிதைகோ'. மழை கொட்டினால் 'ஜாஜா'. அடங்கித் தூறினால் 'ஷிதோஷிதோ'. இலைகள் உராய்ந்தால் 'ஸரஸர'; மணல் கையில் நெருடினால் 'ஜரஜர'. முதலெழுத்து அதிர்ந்து ஒலிக்கும்போது பொருளும் கனத்துக் கரடாகிறது. பரிபூரண நிசப்தத்திற்குக்கூட 'ஷீன்' என்று ஓர் ஓசை வைத்திருக்கிறார்கள்!

இதைக் கேட்டு வியக்கும் நாம் நமது வீட்டையும் சற்றுத் திரும்பிப் பார்த்தல் நலம். இசை, குறிப்பு, பண்பு என்று இவற்றை வகைப்படுத்தி, 'என' என்னும் இடைச்சொல் இவற்றோடு சேர்ந்து வரும் என்று தொல்காப்பியரே விதி கூறிப் போனார். ஜப்பானியரும் இதே வேலைக்கு 'தொ' என்ற சிறு சொல்லைச் சேர்க்கிறார்கள். ஒருவர் கூறியதை எடுத்துரைக்கும்போதும், நமது 'என்று' போல, அதே சொல்தான் வருகிறது. இதனால் இரண்டும் உடன்பிறந்த பாஷைகள் என்று முடிவு கட்டிவிடலாகாது. ஸுஸுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் அவ்விதம் வாதித்தார். மொழிநூலாரில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இல்லாவிடினும் ஒப்புமை வாஸ்தவம்.

வியாசர்பாடியில் வசிப்பவர் இப்பாடத்திற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. ரயில் தடதடவென்று போகிறது. தளர்ந்த கதவுடன் லாரி கடகடவென்று வருகிறது. தகரக் கூரையில் மழையின் முதல் துளிகள் சடசடவென்று விழுகின்றன. பிறகு சோவென்று கொட்டுகிறது. உலையில் சோறு தளதளவென்று கொதிக்க, வாணலியில் கடுகு படபடவென்று வெடிக்கிறது. குழந்தை குடுகுடுவென்று ஓடினால், பெரியவர்கள் திடுதிடுவென்று ஓடுகிறார்கள். சிறு சலங்கை கிணுகிணுக்கிறது. கோயில் மணி கணகணக்கிறது. இகரம் சிறுமைக்கும் அகரம் பெருமைக்கும் ஆகி வருவதைக் கவனியுங்கள். இன்னொரு விந்தை: நீராவி எஞ்சின் இந்தப் பாதையை விட்டுப் போய்விட்டது, குழந்தைகளின் ரயில் விளையாட்டில் மட்டும் அது இன்னமும் 'கூ'வென்று ஊதிக்கொண்டிருக்கிறது!

இவற்றைப் பிரயோகிப்பதற்குச் சில முறைகள் உண்டு. 'சலசல' என்பது இரட்டைக்கிளவி. அதைப் பிரித்துச் 'சல' என்று தனியே நிறுத்தினால் பொருள் நில்லாது. 'பாம்பு பாம்பு' என்பதோ அடுக்குத்தொடர். அதைப் பிரித்தாலும் பாம்பு பாம்புதான். இரட்டைக்கிளவியோடு 'என' சேர்த்தால், சலசலவென ஓடிற்று என்று வினையைத் தழுவும். விகுதி சேர்த்தால் சலசலக்கும், சலசலப்பு என்று வினையாகவும் பெயராகவும் நடக்கும். ஒரே முறை நிகழும் ஓசைக்கு இரட்டிப்பு ஆகாது: தொப்பென்று பழம் விழும், தடாலென்று ஆள் விழுவான், வீலென்று குழந்தை அலறும். எல்லாவற்றுக்கும் மேலான விதி, எந்த ஓசைக்கு எந்தச் சொல்லோ அதையே இடவேண்டும் என்பது. நதி கடகடவென்று சிரிக்காது. கண்ணீர் தடதடவென்று உதிராது. கண்ணீருக்குப் பொலபொலதான்.

'இவையெல்லாம் குழந்தைப் பேச்சு. கட்டுரைக்கு உதவா' என்று கருதுவோர் உளர். சென்னைச் சர்வகலாசாலை 1924 முதல் 1936 வரை ஆறு பெருந்தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்ஸிகனை அவர்கள் புரட்டிப் பார்க்கலாம். 'கடகடெனல்', 'சலசலெனல்' என்று இச்சொற்கள் அங்கே கௌரவமாக இடம் பெற்றிருக்கின்றன. அமெரிக்க மொழிநூலறிஞர் எமனோ, பாரத நாட்டின் பல்வேறு மொழிக் குடும்பங்களும் இவ்வகைச் சொற்களைப் பொதுச் சொத்தாகக் கொண்டிருப்பதை 1969இல் ஒரு தனிக் கட்டுரையிலே எடுத்துக்காட்டினார்.

நிற்க. நாம் இவ்வளவு பரிந்து பேசுவது அலங்காரத்துக்காக அன்று. ஜப்பானில் நோயாளி வைத்தியரிடம் தலைவலியை 'ஜுகிஜுகி' என்றால் நாடியோடு சேர்ந்து துடிக்கிறது என்றும், 'சிகுசிகு' என்றால் முள் குத்துவது போலிருக்கிறது என்றும் வைத்தியர் அறிந்துகொள்கிறார். நம்மிடம் மட்டும் இல்லையா? புண் விண்விண்ணென்று தெறிக்கிறது; இடுப்பு சுருக்கென்று பிடிக்கிறது; காது கொய்யென்று இரைகிறது; வயிறு கடமுடவென்கிறது. தொண்டையில் கரகரப்பு வேறு. லொக்கு லொக்கென்ற வறட்டு இருமல் வேறு. மூச்சு விடுகையில் கேட்கும் கொர்கொர்ப்பு வேறு. பாட்டி இவ்வேறுபாட்டைச் சொல்ல, அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும் பேரன், 'மார்பிலே ஏதோ சவுண்டு வருகிறது' என்று மட்டும் மொழிபெயர்த்தால், பாதி நோய் வைத்தியரின் செவிக்கு எட்டாமலே போய்விடும். லாரிப் பட்டறையிலும் அப்படியே. 'கடகட' என்றால் ஏதோ தளர்ந்திருக்கிறது. 'கிறீச்' என்றால் எண்ணெய் வறண்டிருக்கிறது. வெறும் 'சத்தம்' என்றால் மெக்கானிக் வண்டி முழுவதையும் தட்டிப் பார்க்க வேண்டியதுதான்!

சமீபத்தில் நமது வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டில் கால்மணி நேரம் காதில் விழும் ஓசைகளை எழுதி வரச் சொன்னோம். ரயில் சத்தம், மிக்ஸி சத்தம், லாரி சத்தம், மழைச் சத்தம் என்று பட்டியல் வந்தது. அதே பிள்ளைகள் பரீட்சையில் இரட்டைக்கிளவிக்கு இலக்கணம் பிழையின்றி எழுதுகிறவர்கள். அடுத்த வாரம், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் உரிய சொல்லை எழுதி வருமாறு பணித்தோம். ஒரு பெண் மழைக்கு மட்டும் ஐந்து சொற்கள் கொண்டுவந்தாள். ஐந்தும் அவளுடைய ஆயா சொன்னவையாம்.

ஆகவே தாய்மார்களுக்கு நாம் செய்யும் விண்ணப்பம் இதுதான்: பிள்ளை 'ஏதோ சத்தம்' என்று சொன்னால், 'என்ன சத்தம்? சடசடவா, கடகடவா?' என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்வதற்காகவேனும் அது மறுமுறை காது கொடுத்துக் கேட்கும்.