பழங்காகிதக் கூடை

பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களையும் பழைய பத்திரிகைகளையும் எடைக்குப் போட்டுவிடுகிறோம். நம் பாட்டிமார் அவற்றைக் கூடையாக்கினார்கள். காகிதத்தைக் கிழித்து இரண்டு மூன்று நாள் நீரில் ஊறவிட்டுப் பிழிந்து, ஊறிய வெந்தயத்தோடு ஆட்டுரலில் மைய அரைக்க வேண்டும். வெந்தயத்தில் சிக்கனம் கூடாது. அதன் வழவழப்பே பசை. கவிழ்த்த குடத்தின்மேல் ஈரத்துணி விரித்து, விழுதை அரைவிரற் கனத்துக்கு அப்பி, வெயிலில் நன்கு காயவிடுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் விளிம்பு கோணிவிடும். நாம் செய்த முதற் கூடை அப்படித்தான் ஆயிற்று. நூற்கண்டுகளுக்கு அதுவே போதுமாயிருக்கிறது.

பாட்டிமார் அதில் அரிசியும் மாவும் வைத்தார்கள். நாம் வைக்கலாகாது. அச்சு மை பட்ட உணவு உடலுக்குக் கேடென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் எச்சரித்திருக்கிறது. பரணிலுள்ள பழங்கூடையில் மாவு இருக்குமாயின், இன்றே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.