புல்லை மரமென்ற புல்லறிவு

மூங்கில் புல்லினம் என்பதைத் தமிழன் என்றோ அறிந்திருந்தான். புல்லாங்குழல் என்னும் ஒரு சொல்லே அதற்குச் சான்று. உறுதியைப் புறத்தே உடையது புல், அகத்தே உடையது மரம் எனத் தொல்காப்பிய மரபியல் பிரித்துக் காட்டிற்று. வேய், கழை, அமை, வெதிர் என அதற்குப் பல பெயர் வழங்கிய மொழி நம் மொழி.

வெள்ளையன் 1927-இல் வரைந்த இந்தியக் காட்டுச் சட்டமோ மூங்கிலை மரத்தோடு சேர்த்தது. தன் கொல்லைக் கழையை வெட்டிக் கொண்டுசெல்லவும் பல மாநிலங்களில் உழவன் இசைவுச்சீட்டுக்குக் கைகட்டி நின்றான். வெள்ளையன் சென்று எழுபது ஆண்டுகள் அப்பிழையைத் தில்லியர் கட்டிக் காத்தனர். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரமன்று என 2017-இல்தான் திருத்தினர்.

2021-இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தார் மூங்கிற் சிம்புகளை ஒட்டி மட்டைப்பந்து மட்டை செய்தனர். வழக்கமான வில்லோ மரத்தினும் அது வலியது எனக் கண்டனர். ஆட்ட நெறி வகுக்கும் இலண்டன் மேரிலிபோன் கழகமோ, மட்டையின் அலகு முற்றும் மரமாதல் வேண்டும், மூங்கில் புல்லாயிற்றே என்றது. வெட்டப் போனால் மரம். விளையாடப் போனால் புல்! எளியவன் பிழைப்புக்கு எத்துணைப் பூட்டுகள்!

சறுக்குப் பலகைக்கும் அலையேறு பலகைக்கும் அத்தடையில்லை. மேலைநாட்டார் மூங்கிலில் அவற்றைச் செய்து விற்கின்றனர். முற்றிய கழையைப் பிளந்து, கணுவும் தோலும் சீவி, வண்டு துளைக்காவண்ணம் வெங்காரம் கலந்த நீரில் வேகவைத்து, உலர்த்தி, பசையிட்டு, அச்சில் அழுத்தினால் பலகையாகும். சீவலும் பிளத்தலும் கூடைமுடைவார்க்குக் கைவந்த கலை. அழுத்துபொறியும் நற்பசையுமே அவர்களிடம் இல்லாதவை.

பச்சைமலையடியில் உள்ளது வேப்பந்தட்டை. பருத்திக்கு அங்கே ஆராய்ச்சி நிலையம் உண்டு. மூங்கிலுக்கு ஒரு பட்டறை ஏன் இருத்தலாகாது? நெகிழிக் கூடை வந்து முறமும் கூடையும் விலைபோகாமற் செய்த பின், முடைவோர் மக்கள் ஊர்விட்டு ஊர் கூலிக்குச் செல்வதோ? தனியொருவனால் பொறி வாங்கவியலாது, கூட்டுறவால் இயலும். பொறியை அரசு தரட்டும். உருவாகும் பலகைகளைப் பள்ளிகள் வாங்கட்டும். வரும் ஊதியம் இடைத்தரகனுக்கன்றி உழைத்தவனுக்கே சேரட்டும்.

அப்பலகையின் மேல் 'பேம்பூ போர்டு' என்று பொறிக்கும் இழிவும் வேண்டா. மூங்கிற்பலகை என்றே பொறியுங்கள். பொருள் நம்முடையது, கை நம்முடையது, பெயர் மட்டும் ஏன் இரவல்?