ஒரு தடவை மழித்தால் போதும்



இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்தது 1986-ல், சென்னையில். அந்தப் பயம் லாரித் தொழில் மிகுந்த நம் நாமக்கல்லுக்கும் வந்தபோது, சலூனில் "தம்பி, புது பிளேடு போடுப்பா" என்று கேட்கப் பழகினோம். நல்ல பழக்கம், விடாதீர்கள்.

ஆனால் "மழமழன்னு இருக்கணும், எதிர்வாட்டத்தில் இன்னொரு தடவை இழு" என்கிறோமே, அது வேண்டாம். முடி தோலுக்கு அடியில் போய் வெட்டுப்படும். திரும்ப முளைக்கையில் உள்ளேயே சுருண்டு, கழுத்தில் பொரிப்பொரியாகக் கிளம்பும். கிள்ளினால் சீழ், பிறகு கறுப்புத் தழும்பு. பணிக்காலத்தில் நானே பட்டவன்.

வெதுவெதுப்பான நீரில் நனைத்து, சோப்பு நுரை தடவி, முடி சாயும் பக்கமாகவே மழியுங்கள். பொரி கிளம்பியிருந்தால் சில வாரம் தாடி விடுங்கள். வீட்டார் கேலி செய்தால் வாத்தியார் சொன்னார் என்று சொல்லுங்கள். கன்னம் கண்ணாடியாக மின்ன வேண்டாம். புண்ணில்லாமல் இருந்தால் போதும்.