குத்துவிளக்கு ஏத்தினா பயிற்சி ஆயிடுமா?

ஒரு காலேஜ் ஆபீஸ்ல குப்பை கொட்டுறவன்ங்கிற தகுதியில சொல்றேன். நம்ம கல்லூரிகள்ல நடக்கிற "பாலியல் துன்புறுத்தல் விழிப்புணர்வு" கூட்டங்கள்ல பாதிக்கு மேல சுத்தக் கண்துடைப்பு. கோபம் வந்தா வரட்டும்.

என்ன நடக்குது அங்க? குத்துவிளக்கு, பொன்னாடை, ரெண்டு மணி நேர உரை, சமோசா, குரூப் போட்டோ. போட்டோ நேரா நாக் கமிட்டிக்குக் காட்டுற ஃபைலுக்குப் போயிடும். கூப்பிடுறது பேராசிரியர்களை மட்டும்தான். வார்டன், லேப் அசிஸ்டென்ட், கிளார்க், வாட்ச்மேன்... இவங்கள்லாம் கணக்குலயே கிடையாது.

ஆனா பாதிக்கப்பட்ட பொண்ணு முதல்ல யார்கிட்ட வாயைத் திறப்பா? புகார் கமிட்டித் தலைவிகிட்டயா? ராத்திரி பத்து மணிக்கு அவ அழுதுகிட்டு நிக்கிறது வார்டன் ரூம் வாசல்லதான். அங்க வர்ற முதல் கேள்வி, "நீ ஏன்மா அங்க போன?" முடிஞ்சுது. அதுக்கப்புறம் அவ யார்கிட்டயும் பேசமாட்டா.

சட்டம் இல்லையா? இருக்கு. ஊழியர்களுக்குப் பயிலரங்கு நடத்தணும்னு 2013 சட்டமே சொல்லுது. விசாரணை முடியறதுக்கு முன்னாடியே, குற்றம் சாட்டப்பட்ட ஆசிரியர் அந்த மாணவியோட பேப்பரைத் திருத்தாம தடுக்க 2015 யுஜிசி விதிகள்ல இடம் இருக்கு. எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஒடிசா பாலசோர்ல 2025 ஜூலையில என்ன ஆச்சு? துறைத்தலைவர் மேல புகார் குடுத்த மாணவி கல்லூரி வளாகத்துலயே தீக்குளிச்சு இறந்துபோனாங்க. அங்கயும் கமிட்டி இருந்துச்சு சாமி!

பயிற்சின்னா இதைச் சொல்லிக் குடுங்க. முழுசாக் கேளு, குறுக்கு விசாரணை பண்ணாதே. ஸ்டாஃப் ரூம்ல போய்ப் பரப்பாதே. 2024 டிசம்பர்ல அண்ணா பல்கலைக்கழக வழக்கோட எஃப்.ஐ.ஆர் வெளியே கசிஞ்சதுக்கு, அந்த மாணவிக்கு 25 லட்சம் இழப்பீடு குடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். போலீஸ்லயே அந்த லட்சணம்னா, நம்ம ஸ்டாஃப் ரூமைக் கேட்கணுமா?

அடிபட்டிருந்தா கூட ஆஸ்பத்திரிக்குப் போ. அரசோ தனியாரோ, உடனடி சிகிச்சையை இலவசமாக் குடுத்தே ஆகணும். முதல் வருஷத்துல 17 வயசுப் பிள்ளைங்க இருப்பாங்க. அங்க போக்சோ வரும், போலீசுக்குச் சொல்லியே தீரணும். அதனால "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்"னு சத்தியம் பண்ணிட்டு அப்புறம் முழிக்காதே.

"பொய்ப்புகாரா இருந்தா?"ன்னு ஒருத்தர் கிளம்புவார். ஐயா, காது குடுத்துக் கேட்கிறது தீர்ப்பு எழுதறது இல்ல. உண்மையா பொய்யான்னு பார்க்கத்தான் கமிட்டி இருக்கு. வார்டன் வேலை, அந்தப் பொண்ணு கமிட்டி வரைக்கும் உடையாம போய்ச் சேர உதவுறது.

அடுத்த கூட்டத்துல பொன்னாடையை விட்டுட்டு, அந்தக் காசுல வாட்ச்மேனுக்கும் கிளார்க்குக்கும் நாலு நாற்காலி கூடப் போடுங்க.

டிஸ்கி: தமிழ்நாட்டுல பெண்கள் உதவி எண் 181. இதையாவது ஹாஸ்டல் சுவத்துல பெரிசா எழுதி வைங்கப்பா.