எடுக்கத் தெரிந்த கைகளுக்குக் காக்கத் தெரியாதா?

"இலவசமாகத்தானே கிடைக்கிறது! எடுத்துப் போட்டுவிட வேண்டியதுதானே!" மருத்துவமனைக்கு ஒரு கம்ப்யூட்டர் மென்பொருள் வேண்டும் என்று பேச்செடுத்தால் பலரும் சொல்வது இதுதான். போட்டும் விடுகிறார்கள். திறப்பு விழா நடக்கிறது, பொன்னாடை போர்த்தப்படுகிறது, பத்திரிகையில் படம் வருகிறது. அடுத்த ஆண்டு அதைப் புதுப்பிப்பது யார் என்று கேளுங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்!

சகோதரர்களே! இது கம்ப்யூட்டர்காரர்களின் பிரச்சினை என்று ஒதுங்கிவிடாதீர்கள். நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, போன மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனை என்ன சொன்னது என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அது பழுதானால் பாதிக்கப்படுவது கட்டில்களில் கிடக்கும் ஏழைகள்!

பிறந்த கதை

'ஓபன் எம்.ஆர்.எஸ்.' என்றொரு மென்பொருள் இருக்கிறது. அதன் மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். 2004-ல் இதற்கு அடித்தளம் போடப்பட்டது. ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகளின் கூட்டம் பெருகிய காலம் அது. வாழ்நாள் முழுதும் மருந்து சாப்பிட வேண்டிய ஆயிரக்கணக்கானோரில் யார் இந்த மாதம் வரவில்லை என்பதைக் காகிதக் கட்டுகளைப் புரட்டிக் கண்டுபிடிக்க முடியுமா? 2006-ல் கென்யாவின் எல்டோரட்டிலும் ருவாண்டாவிலும் இது வேலை செய்யத் தொடங்கியது. இன்று 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது.

நம் நாட்டில், சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூருக்கு அருகே கனியாரி என்ற ஊரில், 'ஜன் ஸ்வஸ்திய சகயோக்' ஏழைகளுக்காக ஒரு மருத்துவமனை நடத்துகிறது. அங்கே, இதே ஓபன் எம்.ஆர்.எஸ்.ஸோடு பரிசோதனைக்கூடத்துக்கான மென்பொருளையும் பில் போடும் மென்பொருளையும் இணைத்து 'பாம்னி' என்ற மென்பொருள் உருவாக்கப்பட்டது. கனியாரியில் முளைத்தது எல்லை கடந்து வங்கதேசம் வரை போனது.

பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் பெருமை மட்டும் போதுமா?

இருந்த இடத்திலேயே கெடும் பொருள்

மென்பொருள் துருப்பிடிக்காது, செல்லரிக்காது. ஆனாலும் கெட்டுப்போகும்! எப்படி? அது தனியாக நிற்பதில்லை. கீழே ஜாவா, தரவுத்தளம், இயக்க முறைமை என்று அடுக்கடுக்காகப் பிற மென்பொருள்கள் தாங்கி நிற்கின்றன. அவை மாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றோடு சேர்ந்து மாறாதது ஒருநாள் நின்றுவிடும். அதைவிட மோசம், நிற்காமலேயே ஓடிக்கொண்டிருந்து திருடனுக்குக் கதவைத் திறந்துவிடும்.

ஆதாரம் வேண்டுமா? 'ஓபன் ஈ.எம்.ஆர்.' என்ற மற்றொரு திறமூல மருத்துவ மென்பொருளில் 20-க்கும் மேற்பட்ட ஓட்டைகள் இருப்பதை 2018-ல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பராமரிப்பாளர்களுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். ஓட்டைகள் அடைக்கப்பட்ட பிறகே உலகுக்கு அறிவித்தார்கள். பராமரிக்க ஆள் இருந்ததால் மானம் தப்பியது! ஆள் இல்லாதிருந்தால்?

இன்னொன்றையும் யோசியுங்கள். ஓட்டை அடைக்கப்பட்டது என்ற அறிவிப்பு வந்ததும், எங்கே ஓட்டை இருந்தது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் பழைய பதிப்பை மாற்றாமல் வைத்திருப்பவர், பூட்டு உடைந்த கடைக்கு வெளியே பலகை மாட்டியவருக்குச் சமம்!

காசு கொடுத்தால் தீருமா?

"அப்படியானால் பெரிய கம்பெனியிடம் விலைக்கு வாங்கிவிடலாமே" என்பார்கள் சிலர். அமெரிக்காவைப் பாருங்கள். அந்நாட்டின் முன்னாள் படைவீரர் நலத்துறை, 'விஸ்டா' என்ற மென்பொருளைத் தன் ஊழியர்களைக் கொண்டே பல பத்தாண்டுகளாக வளர்த்தது. அதை எடுத்துத்தான் ஜோர்டான் 2009-ல் 'ஹக்கீம்' திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் அந்தத் துறையோ விஸ்டாவைக் கைவிட முடிவு செய்து, 2018-ல் செர்னர் நிறுவனத்தோடு சுமார் 1,000 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது.

நடந்தது என்ன? 2020-ல் ஸ்போகேன் நகரில் புதிய முறை வந்தது. மருத்துவர்கள் எழுதிய 11,000-க்கும் மேற்பட்ட உத்தரவுகள் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் யார் கண்ணிலும் படாத ஒரு வரிசையில் போய் விழுந்தன! இதனால் 149 தடவை நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்ததாக அத்துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் 2022-ல் அறிக்கை கொடுத்தார். 2023 ஏப்ரலில் விரிவாக்கம் நிறுத்தி வைக்கப்பட்டது. கோடிகளைக் கொட்டினாலும் கவனிப்பு தானாக வந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

குழாய் யார் கையில்?

"எங்காவது தொண்டர்கள் இருப்பார்கள், பார்த்துக்கொள்வார்கள்" என்பது அடுத்த சமாதானம். இணையதளங்களில் பெரும்பகுதிக்குப் பூட்டாக இருந்த 'ஓபன் எஸ்.எஸ்.எல்.' மென்பொருளில் 2014-ல் பயங்கர ஓட்டை வெளிப்பட்டது. அதை முழுநேரமாகக் கவனிக்க இருந்தவர் ஒரே ஒருவர்! வருடத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்! அதை வைத்துக் கோடி கோடியாகச் சம்பாதித்த கம்பெனிகள் தூங்கிக்கொண்டிருந்தன.

"வெளிநாட்டு உதவி வருமே" என்பது கடைசி சமாதானம். கென்யா, உகாண்டா போன்ற நாடுகளின் எய்ட்ஸ் சிகிச்சை மையங்களில் ஓபன் எம்.ஆர்.எஸ். பரவியதற்கு அமெரிக்கப் பணம் பெரிதும் காரணம். 2025 ஜனவரி 20-ல் அமெரிக்க ஜனாதிபதி ஒரு கையெழுத்துப் போட்டார். வெளிநாட்டு வளர்ச்சி உதவி 90 நாட்களுக்கு நிறுத்தம்! சில நாட்களிலேயே வேலைகளை நிறுத்தச் சொல்லி உத்தரவும் பறந்தது. குழாய் அடுத்தவன் கையில் இருந்தால் தாகம் மட்டும்தான் நமக்குச் சொந்தம்!

செய்ய வேண்டியது என்ன?

அறக்கட்டளை நடத்தும் வியாபாரச் சகோதரர்களே! ஸ்கேன் எந்திரத்துக்கு வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுகிறீர்கள், ஜெனரேட்டருக்கும் போடுகிறீர்கள். மென்பொருளுக்கு மட்டும் ஏன் கணக்கில் ஒரு வரி கூட இல்லை? உரிமக் கட்டணத்தில் மிச்சமான தொகையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு என்று எழுதி வையுங்கள். புதுப்பிக்கவும், பிரதி எடுத்து வைத்த பதிவுகள் உண்மையில் திரும்பக் கிடைக்கின்றனவா என்று சோதிக்கவும் ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள்.

கம்ப்யூட்டர் படித்த இளைஞர்களே! உங்கள் மருத்துவமனைக்காக நீங்கள் செய்த திருத்தத்தை உங்களிடமே பூட்டி வைக்காதீர்கள். மூலத் திட்டத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் அடுத்த பதிப்பு வரும்போது உங்கள் திருத்தம் அதோடு பொருந்தாது. புதுப்பிக்க முடியாமல் பழைய பதிப்பிலேயே சிக்கிக்கொள்வீர்கள். நிரல் எழுத வராதா? கண்ட பிழையைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள். வழிகாட்டியைத் தமிழில் மொழிபெயருங்கள். அதுவும் பராமரிப்புதான்.

ஊருக்குப் பொதுவான குளத்தில் எல்லோரும் தண்ணீர் மொள்கிறோம். தூர் வாரும் நாளில் மட்டும் எல்லோருக்கும் வேலை வந்துவிடுகிறது! இப்படியே போனால் மிஞ்சப்போவது சேறுதான். எடுத்தது போதும். மண்வெட்டியைத் தூக்குங்கள்!