‘மீட்பு’: யாருடைய சொல்?

சுரங்கம் தோண்டி முடித்த நிலத்தில் மண்ணை நிரவி மரம் நடுவதற்கு ‘நில மீட்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதிகாரிகள் இந்தச் சொல்லை வழங்குவதில் எனக்கு ஆச்சரியமில்லை. நம் எழுத்தாளர்களும் ஒரு கேள்வியும் இல்லாமல் அதை ஏற்றுக்கொள்வதுதான் என் ஆட்சேபம். கரிக்குழியில் பச்சை தெரிந்துவிட்டால் நம் கவிகளுக்கு நம்பிக்கையின் படிமம் ஒன்று சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. அது என்ன மரம், எந்த மண்ணில் வேர்விட்டிருக்கிறது, அந்த மண் யாருடையதாக இருந்தது என்று பார்க்கும் சிரமம் அத்தோடு தீர்ந்துவிடுகிறது.

மீட்பு என்பது தமிழில் வெறும் கவித்துவச் சொல் அல்ல. அடகு வைத்த நகையை மீட்கிறோம். வைத்த அதே நகை, அதே எடையில், வைத்தவன் கைக்கே வரவேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் நாம் கடைக்காரனிடம் சண்டைக்குப் போவோம். நிலத்தின் விஷயத்தில் மட்டும் ஏன் இந்தப் பெருந்தன்மை?

நெய்வேலியை எடுத்துக்கொள்வோம். 1957-ல் சுரங்க வேலை தொடங்கியது. 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு டன் கரிக்கு ஐந்து கனமீட்டருக்கும் அதிகமான மண்ணை அகற்றியாக வேண்டும். சுரங்க பாஷையில் இந்த மண்ணுக்கு ‘மேற்சுமை’ என்று பெயர். முந்திரியும் பலாவும் காய்த்த கொல்லை, கரியைத் தேடுபவனுக்குச் சுமை. சொல்லிலேயே தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

கொல்லையின் உயிர் மேலே உள்ள ஒரு சாண், இரண்டு சாண் மண்ணில் இருக்கிறது. மக்கு, விதை, புழு, வேரோடு கூடி வாழும் பூஞ்சை எல்லாம் அங்கேதான். அதைத் தனியாக வழித்தெடுத்து, நெடுநாள் குவித்துச் சாகவிடாமல், கடைசியில் மேலே பரப்பவேண்டும். ஆழத்து மணலையும் களியையும் அதோடு கலந்து கொட்டினால் மிஞ்சுவது மண் அல்ல, இடிபாடு. அதில் தைலமரம் வளரும். எதிலும் வளரும் என்பதற்காகவே அதை நடுகிறார்கள். பிறகு கன்றுகளின் எண்ணிக்கை அறிக்கையில் ஏறுகிறது. மண் எப்படி இருக்கிறது என்று அந்த எண்ணிக்கை ஒரு வார்த்தையும் சொல்லாது. கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை, சுரங்கம் நடப்பதற்காக, இரவும் பகலும் இறைத்துத் தள்ளுகிறார்களே, அதைப் பற்றியும் சொல்லாது.

சட்டம் போட்டால் சரியாகிவிடும் என்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கலாம். மேல்மண்ணைக் காப்பாற்ற வேண்டும், நிலத்தைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று அங்கே 1977-லேயே சட்டம் வந்தது. மண் சரியக்கூடாது என்று புல்டோசர்களை ஓட்டி அழுத்தினார்கள், புல் விதைத்தார்கள். இறுகிய தரையில் மரத்தின் வேர் இறங்கவில்லை. அப்பலாச்சிய மலைகளில் காடு இருந்த இடங்கள் பல புல்வெளியாக நின்றன. நாலடி ஆழத்துக்கு மண்ணை அழுத்தாமல் விடவேண்டும் என்பதை நடைமுறையாக்கப் பல வருஷங்கள் பிடித்தன. சட்டத்தின் வாசகம் நிறைவேறியது, காடு வரவில்லை.

ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் பழைய குழிகளை ஏரிகளாக்கியிருக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் தோண்டிக் கிளறிய மண்ணில் இருந்த பைரைட் காற்றுப்பட்டு அமிலமாகவும் இரும்பாகவும் கசிந்து, ஸ்பிரே நதியில் பழுப்பு நிறத்தில் ஓடுகிறது. அங்கே சுரங்கம் விழுங்கிய கிராமங்கள் நூற்றுக்கு மேல். பல, சோர்ப் என்ற சிறுபான்மை மக்களுடையவை. ஊர் கலைந்தபோது அவர்களுடைய மொழி புழங்கும் இடமும் கலைந்தது. மொழியை நம்பிப் பிழைக்கும் நமக்கு இது உறைக்க வேண்டாமா? ஒவ்வொரு கொல்லைக்கும் மேட்டுக்கும் ஓடைக்கும் ஊரார் வைத்திருந்த பெயரை எந்த மீட்புத் திட்டமும் மறுபடி நடுவதில்லை.

‘யார் கைக்கு’ என்ற கேள்வி இன்னும் பாக்கி. 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காக, நின்ற நெற்பயிரின்மேல் மண் வாரும் எந்திரங்கள் இறங்கின. நிலம் எப்போதோ கையகப்படுத்தப்பட்டது என்பது சட்டத்தின் பதில். இருக்கட்டும். நாளை அந்த வட்டாரத்தில் ஒரு மேடு பசுமையாகி, அதற்கு ‘மீட்கப்பட்ட நிலம்’ என்று பலகை வைத்தால், பயிரிட்டவன் அங்கே என்ன உரிமையோடு நுழைவான்? வேடிக்கை பார்க்கவா?

அப்படியானால் மரம் நடவேண்டாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நடத்தான் வேண்டும். மண்மேட்டில் பயிர் விளைவித்துப் பார்த்த சோதனைகள் நெய்வேலியிலேயே உண்டு. மழை அரித்து வெறுமையான ஆரோவில் செம்மண் மேட்டில், 1968-க்குப் பிறகு, முதலில் வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தினார்கள்; அப்புறம்தான் காயாவும் வீரையும் போன்ற இந்தக் கரையின் சொந்த மரங்கள் வந்தன. அது சுரங்கம் தின்ற நிலமும் அல்ல. அதற்கே அத்தனை வருஷ உழைப்பு. உழைப்பை நான் மறுக்கவில்லை. கடன் தீர்வதற்கு முன்பே ரசீது எழுதிக் கொடுக்கும் சொல்லைத்தான் மறுக்கிறேன்.

மேல்மண் மேலேயே திரும்பவேண்டும். நீரின் கணக்கைக் காட்டவேண்டும். நிலத்தை இழந்தவனுக்கு அதில் பாத்தியதை வேண்டும். அதுவரை நம் பத்திரிகைகளிலாவது இதற்கு ‘மண்ணை நிரவி மரம் நட்டது’ என்று எழுதுவோம். நீளமான பெயர்தான். நடந்தது அவ்வளவுதான்.